எப்பம் திரும்புதீய?

ராஜபாளையம் ரோட்டில் நூறடி நீளத்துக்கு ஒரு இரும்பு ஷெட் நிற்கிறதே, அது என்னுடையது. சிவகிரியில் நடுவில் தூணே இல்லாமல் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூரை இருக்கிறது, அது நான் போட்டது. குருவிகுளம் பக்கம் மூன்று பள்ளிக்கூடத்து கேட் என் கை வேலை. சென்னையில் வேளச்சேரி, போரூர் என்று எந்தத் தெருவில் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடங்கள். ஏதாவது ஒரு பால்கனி கிரில்லில் வலது மூலையில் சின்னதாக ஒரு வேப்பிலை வளைத்து வைத்திருக்கும். அது எங்கள் பட்டறை வேலை. கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பை வெட்டுகிற மெஷினை இந்தப் பக்கத்தில் முதலில் வாங்கி இறக்கியவனும் நான்தான். என் அப்பா ஆடு மேய்த்தவர். நான் ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாம் தடவை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும். ஏனென்றால் பஸ் ஸ்டாண்டு வியாபாரிகள் சங்கத்தார் நினைவு மலர் போடுகிறார்களாம். டிக்கெட் அண்ணாச்சியைப் பற்றி நான் எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். வாசல் வரை போன சங்கத் தலைவர் திரும்பி வந்து, "அண்ணே, அவரப் பத்தி எழுதணும். ஒங்களப் பத்தி இல்ல" என்றார். முடிந்த வரை பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத்துப்பிழையை என் மூத்த மகள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் கை வைக்க நான் விடவில்லை.

டிக்கெட் அண்ணாச்சி என்றால் சங்கரன்கோவிலில் எல்லோருக்கும் தெரியும். சென்னை போகிற ஆம்னி பஸ்ஸுக்கு சீட்டுப் பதிவு செய்கிறவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடை ஓரமாக ஒரு மேசை, ஒரு நாற்காலி. கடை என்று சொல்ல அவ்வளவுதான். வெள்ளை அரைக்கைச் சட்டை, காலரில் மடித்து வைத்த கைக்குட்டை. டீ குடிக்க எழுந்து போனால் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போவார். சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கும், அப்போதும் அப்படித்தான். "செருப்பு கெடந்தா ஆளு வருவான்னு அர்த்தம்லா. வந்தவன் நிப்பான்" என்பார். அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு ஜனங்கள் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ஊரில் மற்ற சீட்டுக்காரர்கள் எல்லாம், "எங்க போணும், எத்தன பேரு" என்று கேட்பார்கள். இவர் கேட்கிற முதல் கேள்வி, "எப்பம் திரும்புதீய?"

நாலு நாளில் திரும்புகிறவர்களுக்கு அது தொந்தரவு இல்லை. வேலை கிடைத்து ஊரை விட்டுப் போகிறவனிடமும் அதையே கேட்பார். ஒரு தடவை கரிவலம்வந்தநல்லூர்ப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்துப் போகிறான். அம்மா, சித்தி, மாமா என்று ஏழெட்டுப் பேர் வழியனுப்ப வந்து நிற்கிறார்கள். நான் அண்ணாச்சி மேசைக்கு ஒரு கால் உடைந்துபோனதை ஒட்டவைக்க வந்திருந்தேன்.

"எப்பம் திரும்புதீய தம்பி?"

"திரும்பறதுக்கா போறோம்? வேலைக்குப் போறேன் அண்ணாச்சி."

"அது தெரியும். எப்பம் திரும்புதீய?"

"லீவு கெடச்சா சொல்லுதேன்."

"லீவ நம்பாதீய. ஆடித் தபசுக்கு மொத நாளு பொறப்படுத வண்டி, ஒம்பதாம் நம்பர் சீட்டு, சன்னல் பக்கம். எழுதிட்டேன்."

மாமாக்காரர் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, பையன் இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள எறக்கப் பாக்கீய."

"ஏறுதவன் எறங்கித்தானே ஆகணும்" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டார். அந்தச் சீட்டுக்குக் காசு கிடையாது. பஸ் கம்பெனிக் கணக்கில் அது ஏறாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் ஆடித் தபசு என்றால், எந்த ஊரில் பிழைக்கிறவனும் வந்துவிடுவான். கோமதி அம்மனைப் பார்க்கத் தெருவெல்லாம் தலையாக இருக்கும். வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் சப்பரத்தின் மேல் பருத்தியும் மிளகாய் வத்தலும் அள்ளி வீசுவார்கள். அதற்கு முதல் நாள் சென்னையில் இருந்து புறப்படுகிற வண்டியில் சீட்டு வாங்க அமைச்சர் சிபாரிசோடு வந்தாலும் நடக்காது. அந்த வண்டியில்தான் ஆறு மாசம் முந்தியே பென்சில் சீட்டு கொடுப்பார். பஸ் முதலாளியிடம் சண்டை போட்டுக் கடைசி வரை அந்த இடங்களைக் காலியாக வைத்திருப்பார். வராதவன் இடத்தைக் கடைசி நாளில் விற்பார்.

பதினான்கு வருஷம் முந்தி என் முறை வந்தது.

அப்போது எனக்கு ராஜபாளையம் ரோட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வாடகை ஷெட் ஒன்று, ஒரு வெல்டிங் செட், வேலைக்கு இரண்டு ஆள். சென்னையில் அடுக்குமாடி கட்டுகிற ஒரு காண்ட்ராக்டர், பூர்வீகம் சிவகிரி, சொந்த ஊருக்கு வந்தபோது நான் செய்த கேட் ஒன்றைப் பார்த்துவிட்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். அம்பத்தூரில் என் பட்டறையை நீர் பாரும், மாசச் சம்பளம், மேஸ்திரிமார் எல்லாம் உமக்குக் கீழே என்றார். என் வீட்டுக்காரி, "போவோம். பிள்ளைய ரெண்டும் அங்கன படிக்கட்டும்" என்றாள். முதலில் நான் போவது, வீடு பார்த்துவிட்டு மூன்று பேரையும் கூப்பிடுவது என்று முடிவு. ஷெட்டுக்காரர், "ஆடி முடிய பூட்டி வைக்கேன். ஆவணி பொறந்தா டயர் கடைக்காரனுக்குக் குடுத்துருவேன். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லும்" என்றார். ஆக ஆடிக்குள் நான் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். ஷெட்டு போனால் போனதுதான். அந்த விலைக்கு ரோட்டோரத்தில் இன்னொன்று கிடைக்காது.

அப்போது ஒரு காரியம் செய்தேன். பஸ் ஸ்டாண்டு முக்கில் பன்னிரண்டடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் வைத்தோம். 'சிங்காரச் சென்னையைச் செதுக்கச் செல்லும் இரும்புச் சிற்பியே, வென்று வருக.' நடுவில் நான், கூலிங் கிளாஸ் போட்டு. சுற்றி என் சேக்காளிகள் பதினாறு பேர் தலை. கூட்டாளிகள் வைத்தது என்று ஊரில் பேர், அச்சடித்த செலவு என்னுடையது. வேண்டாம் என்று வீட்டுக்காரி மட்டும் சொன்னாள். அவளுக்குப் போட்டோவில் இடம் கொடுக்காத கோபம் என்று நினைத்தேன்.

டிக்கெட் எடுக்கப் போனேன். அண்ணாச்சி அந்தப் பன்னிரண்டடியையும் ஒருதரம் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எப்பம் திரும்புதே?"

"அதான் போட்டிருக்குல்லா அண்ணாச்சி, வென்று வருகன்னு."

"அதுல தேதி போடலியே ஏலே."

தபசுக்கு முதல் நாள் வண்டி, ஏழாம் நம்பர் சீட்டு என்று எழுதி நீட்டினார். நான் வாங்க மாட்டேன் என்று நின்றேன். அவர் கையைக் கீழே இறக்கவில்லை. பின்னால் வரிசையில் ஆள் முணுமுணுக்கிறான். வாங்கிப் பர்சில் சொருகிக்கொண்டேன்.

சென்னையைக் குறை சொல்வதற்கு நான் இதை எழுதவில்லை. எத்தனையோ பேருக்குச் சோறு போடுகிற ஊர். என் கதை வேறு. நான் போன பட்டறையில் என் கையில் ஒரு நாள்கூட வெல்டிங் ஹோல்டரைக் கொடுக்கவில்லை. நான் சூப்பர்வைசராம். நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற கம்பியையும் போகிற கம்பியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அறையில் ஆறு பேர். துவைத்த கைலியைக் காயப்போட முறை வைத்திருந்தார்கள், எனக்கு வியாழக்கிழமை. வீடு பார்க்கப் போன இடத்தில் பத்து மாச அட்வான்ஸ் கேட்டார்கள். ஒரு வீட்டுக்கார அம்மா, பிள்ளைகள் இரண்டுக்கு மேல் இல்லையே என்று மூன்று தடவை கேட்டாள். இன்னொரு வீட்டில் அடுப்படியில் நின்றால் என் இரண்டு முழங்கையும் இரண்டு சுவரில் இடித்தது. அந்த வாடகைக்கு எங்கள் ஊரில் ஒரு தெருவையே பிடிக்கலாம்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்த இடத்தில் கண் வேலை செய்தது. அந்தப் பட்டறைக்கு இடம் பற்றவில்லை. செய்து முடித்த கேட்டுகளைச் சாய்த்து வைக்கச் சுவர் இல்லாமல் தெருவில் அடுக்குவார்கள். தெருக்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். காண்ட்ராக்டர் தினமும் இடம் இடம் என்று தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு ராஜபாளையம் ரோட்டு ஷெட்டும் அதற்குப் பின்னால் கிடக்கிற கரிசல் காடும் கண்ணில் வந்து நிற்கும். வேலையை இங்கே கொண்டுவராமல், ஆளை அங்கே கொண்டுபோவானேன் என்று எனக்குத் தோன்றியது. இந்த யோசனை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அடிக்கோடு போட்டுப் படியுங்கள்.

யோசனை இருந்து என்ன, ஊருக்கு எப்படித் திரும்புவது? பன்னிரண்டடிக்கு எட்டடி நிற்கிறதே. வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, வந்துரட்டுமா என்று கேட்டேன்.

"தாராளமா வாங்க. ஆனா முக்குல கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்காரு. அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனை வைத்தேன். ஆடி பிறந்தது. ஷெட்டுக்காரர் ஆள்விட்டுக் கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தபசுக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏலே, ஏழாம் நம்பர் கெடக்கு. வாரியா, வேற ஆளுக்குக் குடுக்கட்டா? இங்கன ஆயிரம் பேரு நிக்கான்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணாச்சி வாரது?"

 அதற்கு அவர் ஒரு கதை சொன்னார். "முந்தி ஒருத்தன் இருந்தான். மெட்ராஸ்ல ஒத்துக்கிடல. திரும்பணும்னா ஊரு கேக்குமேன்னு ரெண்டு வருசம் அங்கனயே கெடந்து சீரழிஞ்சான். பெறவு வந்தான். எப்படி வந்தான் தெரியுமா? கரிவலத்துல எறங்கி, காட்டு வழியா நடந்தே வந்து வீட்டுக்குள்ள பூந்துக்கிட்டான். ஒரு மாசம் வெளிய தல காட்டல. எதுக்கு? சொந்த ஊருக்குத் திருடன் மாதிரி வாரதுக்கு அவன் என்ன களவா எடுத்தான்?"

"யாரு அண்ணாச்சி அது?"

"இருந்தான் ஒருத்தன். நீ கேளு. தபசுக்கு வந்தவன்ட்ட ஏன் வந்தேன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். நாலு நாளு கழிச்சும் நீ நின்னாத்தான் கேப்பான். ஒரு ஷெட்டத் தொறக்க ஒனக்கு நாலு நாளு போதும்லா?"

போனை வைத்துவிட்டு நேரே காண்ட்ராக்டரிடம் போனேன். பயந்து பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. "சார், ஒரு பால்கனி கிரில்லுக்கு அளவு குடுங்க. எங்க ஊர்ல செஞ்சு அனுப்புதேன். திங்கக்கெழம காலைல இங்க நிக்கும். புடிக்கலன்னா நான் திரும்பி வந்து அந்த நாக்காலில உக்காருதேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, இங்கே ஒரு வாரம் ஆகிற வேலையய்யா அது என்றார். அளவை எழுதிக் கொடுத்தார்.

ஏழாம் நம்பர் சீட்டில் வந்தேன். விடியற்காலை வண்டி, ஊருக்கு முந்தின நிறுத்தமான கரிவலத்தில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். நானும் எழுந்தேன், பொய் சொல்லவில்லை. பைக்கு மேல் கை போய்விட்டது. அப்புறம் உட்கார்ந்தேன். அந்த உட்கார்தலை நான் செய்த கல்யாண மண்டபக் கூரையைவிடப் பெரிய வேலையாக நினைக்கிறேன்.

சங்கரன்கோவிலில் இறங்கியபோது எள் விழ இடமில்லை. முக்கைப் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த சவுக்குக் கம்புகள் மட்டும் நின்றன. அண்ணாச்சி மேசைக்கு மேலே வெயிலுக்கு வெள்ளையாக ஒரு புதுப் பந்தல். அடியில் போய் நின்று அண்ணாந்தேன். கூலிங் கிளாஸோடு நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார். தெருவில் போகிறவனுக்கு வெறும் வெள்ளைதான் தெரியும்.

"நீ போன் போட்டுக் கேட்டத ஒன் வீட்டுக்காரி வந்து சொல்லிச்சு. மறுநாளே அவுத்துட்டேன்" என்றார். "நல்ல கெட்டி மூஞ்சி ஏலே. ரெண்டு மழைக்கு ஒழுகல. என்ன, டிக்கெட் எழுதும்போதெல்லாம் அந்தப் பதினாறு தலையும் என்னையே உத்துப் பாக்கு."

அவிழ்த்ததை அவளும் என்னிடம் மூச்சுவிடவில்லை. இதைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் வழக்கு இருக்கிறது.

அன்றைக்கு அம்மனைத் தூரத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஷெட்டைத் திறந்தேன். ஊர் முழுக்கத் திருவிழாவில் இருந்தது, என் ஷெட்டில் பொறி பறந்தது. ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரி கம்பியைப் பிடித்துக்கொள்ள, நானே வெட்டினேன், நானே வளைத்தேன், நானே பற்றவைத்தேன். முடித்து மூலையில் முதன்முதலாக வேப்பிலை வைத்தது அந்தக் கிரில்லில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தயார். லாரி ஆபீஸில், ஒரு கிரில்லுக்கு எல்லாம் வண்டி வராது, லோடு சேரட்டும் என்றார்கள். லோடு சேர வியாழக்கிழமை ஆகும். திங்கட்கிழமை காலை என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி மேசைக்குத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனேன். ஆம்னி பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பார்த்ததும் கையை விரித்தார்.

"அண்ணாச்சி, இரும்பெல்லாம் டிக்கில ஏத்த முடியாது."

"பூக்கூட ஏத்துதீய. அது வழியெல்லாம் தண்ணி ஒழுகுது. வாழத்தாரு ஏத்துதீய, கற புடிக்குது. போன வாரம் ஒரு ஆட்டுக்குட்டி போச்சு, நான் கேட்டனா? இது பேசாமப் படுத்துக்கிடும்வே."

"மொதலாளி கேட்டா?"

"நான் டிக்கெட்டு போடுதேன். ஆளுன்னு நெனச்சுக்கிடும்."

நிஜமாகவே புத்தகத்தை எடுத்தார். பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்து அதே குரலில் கேட்டார். "இது எப்பம் திரும்பும்?"

"திரும்பக் கூடாது அண்ணாச்சி" என்றேன். "திரும்புனா நான்லா போணும்."

அவர் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு எழுதினார். ஊரை விட்டுப் போகிற எதற்கும் திரும்புகிற தேதி இல்லாமல் அவர் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு டிக்கெட்தான். என் பூஜை அறையில் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறேன். வந்தால் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காண்ட்ராக்டர் போன் செய்தார். "யோவ், இதே மாதிரி நாப்பது வேணும்."

செவ்வாய்க்கிழமை டீக்கடையில், அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஒருத்தன் கேட்டான். ஃப்ளெக்ஸில் தலை போட்ட பதினாறு பேரில் அவனும் ஒருத்தன். "என்னண்ணே, தபசு முடிஞ்சிட்டே. இன்னும் சென்னைக்குப் போகலியா?"

"நான் எதுக்குல போணும்? என் கிரில்லு போயிட்டு வேலைய முடிச்சிட்டு. இன்னும் நாப்பது போகப்போவுது. நீ வேணா கூடப் போயி வழியனுப்பிட்டு வா" என்றேன். கடையே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆவணியில் டயர் கடைக்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். மூன்றாம் வருஷம் அந்த ஷெட்டும் பின்னால் கிடந்த காடும் என் பேருக்கு வந்தது.

அண்ணாச்சி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வரை மேசையில்தான் இருந்தார். எல்லோரும் செல்போனில் டிக்கெட் எடுக்கிற காலத்திலும் தபசு வண்டிக்கு அவரிடம்தான் வரவேண்டும். அவர் சீட்டை வாங்கிப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் போன ஊரிலேயே நன்றாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தும் அவருக்குச் சந்தோஷம்தான். அந்தக் கரிவலம் பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். பென்சில் சீட்டை இன்னும் வைத்திருக்கிறானாம். போக வேண்டாம் என்று அவர் ஒருவரிடமும் சொன்னது கிடையாது. திரும்புவதற்குக் கூச்சப்படாதே என்பதை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் போன அன்றைக்கும் மேசைக்கு அடியில் செருப்பு கிடந்தது. விஷயம் தெரியாமல் நாலு பேர் வெகுநேரம் நின்றார்கள்.

இப்போது அந்த இடத்தில் சங்கம் அவர் பேரில் பயணிகள் நிழற்குடை கட்டியிருக்கிறது. இரும்பு வேலை முழுக்க என் ஷெட்டில் நடந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. மூலையில் வேப்பிலை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு வாசகம் என்று ஒரு தாளைக் காட்டினார்கள். மேலே அண்ணாச்சி பேர், பெரிய எழுத்தில். அது சரி. இந்தக் கட்டுரையில் அவர் பேரை நான் எழுதாததற்கும் அதுதான் காரணம், முதலில் கல்லில் வரட்டும். கீழே நன்கொடை தந்தவர்கள் பதினோரு பேர். கடைசியில் என் பேரும், பக்கத்தில் 'இரும்பு வேலை' என்றும் போட்டிருக்கிறார்கள்.

அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரும்பு வேலையை எவனும் செய்வான். இந்த ஊரில் திரும்பி வந்தவன் என்று ஒருத்தனைச் சொன்னால் அது வசவாக இருந்த காலம் உண்டு. அந்த வசவுக்குப் பயந்து காட்டு வழியாக நடந்துவந்து, பிறகு ஒரு மேசை போட்டு உட்கார்ந்தவரும் உண்டு. அண்ணாச்சி சீட்டு எழுதினார், அதை நான் மறுக்கவில்லை. என் படத்தை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார், அதையும் மறுக்கவில்லை. கரிவலத்தில் இறங்காமல் ஏழாம் நம்பரில் உட்கார்ந்து, நடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியது யார்? நான்.

ஆகவே சங்கத் தலைவருக்கும் கல் கொத்துகிறவருக்கும் இதையே மனுவாக எழுதுகிறேன். 'இரும்பு வேலை' என்பதை எடுத்துவிடுங்கள். என் பேருக்குப் பக்கத்தில், தூரத்தில் நிற்கிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் தெரிகிற எழுத்தில், 'சென்னையிலிருந்து திரும்பி வந்தவர்' என்று கொத்துங்கள்.